மின்கம்பி வழியே வரும் படம்

சுவிட்சைப் போடுகிறோம். விளக்கு எரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது. மிக்சி ஓடுகிறது. எல்லாம் சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் வேலை. அந்தக் கம்பி மின்சாரத்தை மட்டும்தான் கொண்டுவருமா? படத்தையும் பாட்டையும் கூடக் கொண்டுவருமா?

கொண்டுவரும். அதற்கு ஒரு சிறிய கருவி வேண்டும். அதன் பெயர் பவர்லைன் அடாப்டர். பவர்லைன் என்றால் மின்கம்பி. இது உள்ளங்கை அளவுள்ள பெட்டி. கொசு விரட்டும் கருவியைப் போல, சுவரில் உள்ள பிளக் பாயின்டில் நேராகச் செருகலாம். ஒன்று மட்டும் இருந்தால் பயன் இல்லை. இரண்டு வேண்டும். ஒன்று அனுப்பும். மற்றது வாங்கும்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? யாருக்குப் பயன்படும்? யாருக்குப் பயன்படாது? காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? பெங்களூர் வீடுகளை எடுத்துக்காட்டாக வைத்துத் தெரிந்துகொள்வோம்.

காவிரி தந்த வெளிச்சம்

பெங்களூருக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு உண்டு. காவிரி ஆறு சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுகிறது. அங்கே மைசூர் அரசு ஒரு நீர்மின் நிலையத்தைக் கட்டியது. அது 1902-ஆம் ஆண்டு மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்சாரம் முதலில் போனது பெங்களூருக்கு அல்ல. கோலார் தங்கவயலுக்கு. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டுபோனார்கள். அங்கே தங்கச் சுரங்கங்களில் பாடுபட்டவர்களில் ஏராளமானவர்கள் தமிழர்கள்.

பிறகு பெங்களூரின் முறை வந்தது. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது. மக்கள் வியந்து பார்த்தார்கள்.

அப்போது மின்கம்பிக்கு ஒரே வேலைதான். மின்சாரத்தைச் சுமப்பது. பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. ஒரு மின்நிலையத்தில் இருப்பவர், தொலைவில் உள்ள இன்னொரு மின்நிலையத்தோடு பேச வேண்டும். அதற்கென்று தனியாகத் தந்திக் கம்பி போட்டால் செலவு அதிகம். மின்சாரம் போகும் அதே கம்பியில் பேச்சையும் அனுப்பினால் என்ன என்று பொறியாளர்கள் யோசித்தார்கள். 1920-களிலேயே வெளிநாடுகளில் இதைச் செய்துகாட்டினார்கள். பின்னர் நம் நாட்டு மின்வாரியங்களும் இந்த முறையைப் பயன்படுத்தின.

துணை மின்நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். உயரமான கம்பி உள்ளே நுழையும் இடத்தில், பெரிய உருளை போன்ற சுருள் ஒன்று தொங்கும். பல இடங்களில் இதைக் காணலாம். அது மின்சாரத்தை உள்ளே விடும். பேச்சு அலையைத் தடுத்து வேறு வழியில் திருப்பும்.

வீட்டுக்குள் இதே முறை வர வெகுநாள் ஆனது. 2000-ஆம் ஆண்டு பல நிறுவனங்கள் ஒன்றுகூடி ஒரு பொதுவான அமைப்பை ஏற்படுத்தின. 2001-இல் முதல் விதிமுறை வந்தது. 2005-இல் படம் பார்க்கும் அளவுக்கு வேகமான இரண்டாம் விதிமுறை வந்தது. இன்று கடையில் கிடைக்கும் பெட்டிகள் அந்த வழியில் வந்தவை.

டி.வி. மாறிய கதை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. 1982-இல் வண்ணப் படம் வந்தது. அப்போது வீட்டு மாடியில் ஆன்டெனா இருந்தது. காற்று அடித்தால் அது திரும்பிவிடும். ஒருவர் மாடி ஏறித் திருப்புவார். “வந்ததா?” என்று கேட்பார். கீழே இருப்பவர் “இன்னும் கொஞ்சம்!” என்று கத்துவார். பிறகு கேபிள் வந்தது. வீட்டுக் குடை ஆன்டெனா வந்தது.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது. அப்போது ஒரு படம் திறக்கவே பல நிமிடம் ஆகும். இன்று இணையம் வழியாகவே டி.வி. பார்க்கிறோம். செய்தி, சினிமா, பள்ளிப் பாடம் எல்லாம் வருகின்றன.

கேபிளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கேபிளில் எல்லாச் சேனலும் ஒன்றாக வரும். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். இணையத்தில் நாம் கேட்பது மட்டும் வரும். படம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வரும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு எண் உண்டு. டி.வி. அவற்றை வரிசையாக அடுக்கிப் படமாகக் காட்டும்.

தொட்டியும் குழாயும்

படம் திடீரென்று நிற்கிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது. ஏன்?

பெங்களூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே காவிரித் தண்ணீர் எப்போதும் வராது. வரும்போது கீழ்த்தொட்டியில் நிரப்பிக்கொள்கிறார்கள். அந்தத் தொட்டியைச் சம்ப் என்பார்கள். வராத நேரத்தில் தொட்டித் தண்ணீரைச் செலவு செய்கிறார்கள். டி.வி.யும் இப்படித்தான். வரும் பொட்டலங்களைக் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைக்கிறது. சேர்த்ததிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் தொட்டி காலி. படம் நின்றுவிடும்.

ஆகவே, படம் நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இணையமே மெதுவாக இருக்கலாம். இரண்டு, வீட்டு வாசல் வரை நன்றாக வந்து, அங்கிருந்து டி.வி.க்குப் போகும் வழியில் குறையலாம். இரண்டாவது குறையை மட்டும்தான் பவர்லைன் அடாப்டர் தீர்க்கும். முதல் குறையை அது தீர்க்காது. இதை மறக்கக் கூடாது.

எந்தக் குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செல்போனை எடுத்துக்கொண்டு ரவுட்டர் பக்கத்தில் நில்லுங்கள். ரவுட்டர் என்பது இணையத்தைப் பங்கிட்டுத் தரும் பெட்டி. அங்கே வைஃபையில் ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்று நின்று வந்தால், குறை வெளியில்தான். இணையம் தருபவரிடம் புகார் செய்யுங்கள். அங்கே நன்றாக வந்து, டி.வி. இருக்கும் அறையில் மட்டும் வரவில்லையா? குறை வீட்டுக்குள் இருக்கிறது.

சுவர் தடுக்கும்போது

அல்சூரில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்னறையில் ரவுட்டர். பின்னறையில் டி.வி. நடுவில் பழைய காலத்துக் கருங்கல் சுவர். வைஃபை என்பது காற்றில் போகும் அலை. கருங்கல்லும் கான்கிரீட்டும் அதைத் தடுக்கும். அந்த வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். டி.வி.யில் கணக்குப் பாடம் பார்க்கிறாள். கணக்கின் நடுவில் படம் நின்றுவிடுகிறது. தேர்வு நெருங்குகிறது. தாய் எலெக்ட்ரீஷியனை அழைத்துக் கேட்கிறார்.

“தம்பி, சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுக்கலாமா?”

“இழுக்கலாம் அக்கா. அதுதான் நல்ல வழி. வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா?”

“எங்கே! ஆணி அடித்தாலே சத்தம் போடுவார். வீடு காலி செய்யும்போது அட்வான்சில் பிடித்துக்கொள்வார்.”

“சரி, காசில்லாத வழியை முதலில் பார்ப்போம். ரவுட்டரை நடுவாசல் பக்கம் நகர்த்த முடியுமா?”

“கம்பெனிக்காரர் கொடுத்த ஒயர் அதுவரை எட்டாது தம்பி.”

“அப்படியென்றால் சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கரண்ட் ஒயரையே பயன்படுத்தலாம். ஆனால் வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள். வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று.”

எலெக்ட்ரீஷியன் சொன்ன வரிசை சரியானது. முதலில் ரவுட்டரை நகர்த்திப் பார்க்க வேண்டும். அடுத்தது நேரடி லேன் கேபிள். இது 100 மீட்டர் வரை நன்றாக வேலை செய்யும். விலையும் குறைவு. இரண்டும் முடியாதபோதுதான் அடாப்டர்.

ஒரே கம்பியில் இரண்டு எப்படி?

மின்சாரமும் படமும் ஒரே கம்பியில் போனால் கலந்துவிடாதா?

திருவிழாவில் நாதசுரமும் தவிலும் ஒன்றாக ஒலிக்கின்றன. இரண்டும் ஒரே காற்றில்தான் வருகின்றன. ஆனாலும் நம் காது இரண்டையும் பிரித்து அறிகிறது. காரணம், ஒன்றின் அதிர்வு வேறு, மற்றதன் அதிர்வு வேறு.

கம்பியிலும் இப்படித்தான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது ஒரு நொடிக்கு 50 தடவை அலைகிறது. அடாப்டர் அனுப்பும் படச் செய்தியோ, ஒரு நொடிக்கு 20 லட்சம் தடவையிலிருந்து சுமார் 3 கோடி தடவை வரை அலைகிறது. புதிய பெட்டிகளில் இன்னும் அதிகம். இது மிக மெல்லிய அலை. பெரிய அலையின் மேல் சிறிய அலை ஏறிப் போகிறது.

அடாப்டருக்குள் ஒரு வகைச் சல்லடை இருக்கிறது. மாவு சலிக்கும்போது மாவு கீழே போகும். கப்பி மேலே நிற்கும். இந்தச் சல்லடை மெதுவாக அலையும் மின்சாரத்தைத் தடுக்கும். வேகமாக அலையும் செய்தியை மட்டும் விடும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. செய்தி ஒரே வழியில் போவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு வழிகளாகப் பிரிந்து போகிறது. ஒரு வழியில் இரைச்சல் இருந்தால் அதை விட்டுவிடும். நல்ல வழிகளில் மட்டும் போகும்.

மாட்டுவது எப்படி?

1. முதலில் இரண்டு பெட்டிகளையும் ஒரே அறையில் செருகுங்கள்.

2. ஒரு பெட்டியில் உள்ள இணைப்புப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். எத்தனை நொடி அழுத்துவது என்பது கூடவே வரும் தாளில் இருக்கும். அதைப் படித்துச் செய்யுங்கள்.

3. இப்போது ஒரு பெட்டியை ரவுட்டர் பக்கத்தில் சுவர்ப் பாயின்டில் செருகுங்கள். ரவுட்டரையும் அதையும் லேன் கேபிளால் இணையுங்கள்.

4. மற்றப் பெட்டியை டி.வி. பக்கத்தில் செருகுங்கள். அதையும் டி.வி.யையும் இன்னொரு லேன் கேபிளால் இணையுங்கள். செட்டாப் பாக்ஸ் இருந்தால் அதனோடு இணையுங்கள்.

5. பெட்டியில் உள்ள விளக்கைப் பாருங்கள். பல பெட்டிகளில் பச்சை என்றால் நல்லது. சிவப்பு என்றால் வழி சரியில்லை. வேறு பாயின்டில் செருகிப் பாருங்கள்.

எப்போது வேலை செய்யாது?

அல்சூர் வீட்டில் அடாப்டர் வாங்கிவிட்டார்கள். விளக்கு சிவப்பாக எரிந்தது. தாய் போனில் கேட்டார்.

“தம்பி, பணம் வீணாகிவிட்டதா?”

“எதில் செருகினீர்கள் அக்கா? நேராகச் சுவரிலா?”

“இல்லை. டி.வி., போன் சார்ஜர் எல்லாம் செருகும் நீளப் பெட்டியில்.”

“அதுதான் காரணம். சுவரில் நேராகச் செருகுங்கள்.”

சுவருக்கு மாற்றியதும் விளக்கு பச்சையானது. கணக்குப் பாடம் நிற்காமல் ஓடியது.

அந்த நீளப் பெட்டிகள் பலவற்றில், மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கும் பாகம் இருக்கும். அது வேகமான அலைகளையும் விழுங்கிவிடும். ஆகவே அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ ஸ்டெபிலைசரிலோ செருகக் கூடாது.

வேறு காரணங்களும் உண்டு.

மூன்று பேஸ் வீடு: சில வீடுகளுக்கு மூன்று பேஸ் மின்சாரம் வரும். முன்னறை ஒரு பேஸிலும் பின்னறை வேறு பேஸிலும் இருக்கலாம். அப்போது அலை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவது கடினம். வேகம் மிகவும் குறையும். ஒரே பேஸில் உள்ள பாயின்ட் எது என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

யு.பி.எஸ். இருக்கும் வீடு: பெங்களூரில் பல வீடுகளில் மின்வெட்டுக்காக யு.பி.எஸ். வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டி யு.பி.எஸ். கம்பியிலும் மற்றது சாதாரணக் கம்பியிலும் இருந்தால் அலை குறையலாம். கரண்ட் போகும்போது இரண்டு கம்பிகளும் துண்டாகிவிடும். இரண்டு பெட்டிகளும் ஒரே வகைக் கம்பியில் இருப்பது நல்லது.

இரைச்சல்: மிக்சி ஓடினால் பழைய ரேடியோ கரகரக்கும் அல்லவா? அதே இரைச்சல் மின்கம்பியிலும் ஏறும். மிக்சி, மலிவான சார்ஜர், சில எல்.இ.டி. விளக்குகள் ஆகியவை இரைச்சல் தரும். அடாப்டருக்குப் பக்கத்துப் பாயின்டில் இவற்றைச் செருகாதீர்கள்.

தனி மீட்டர்: கீழ்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருக்கலாம். கீழே இருந்து மேலே அனுப்ப இது ஏற்ற வழி அல்ல. ஒரே மீட்டருக்குள் பயன்படுத்துவதே சரி.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்

அட்டைப் பெட்டியில் 600 என்றோ 1000 என்றோ பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது வேகத்தின் அளவு. மெகாபிட் என்று சொல்வார்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது சோதனைச் சாலைக் கணக்கு. வீட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைப்பதே பெரிது. பல வீடுகளில் அதைவிடவும் குறையும்.

இதற்காக வருந்த வேண்டியதில்லை. தெளிவான எச்.டி. படத்துக்குச் சுமார் 5 மெகாபிட் போதும். மிகத் தெளிவான 4கே படத்துக்குச் சுமார் 25 மெகாபிட் போதும். வேகத்தின் அளவைவிட, விட்டுவிட்டு வராமல் சீராக வருவதே முக்கியம்.

மின்கட்டணம் கூடுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டி சுமார் 3 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். இரண்டு பெட்டிக்கு 6 வாட். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் ஓடினால் 144. மாதம் 30 நாளைக்கு 4,320. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆக, மாதம் 4 யூனிட்டுக்குச் சற்று மேல். டி.வி. பார்க்காதபோது சுவிட்சை அணைத்தால் இதுவும் குறையும்.

பக்கத்து வீட்டுக்குப் போகுமா?

கொஞ்சம் போகலாம். மீட்டர் அலையைக் குறைக்கும். முழுவதும் தடுக்காது. அடுக்குமாடி வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்தி இரண்டு பெட்டிகளையும் இணைத்தோம் அல்லவா? அப்போது அவை தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை வைத்துக்கொள்கின்றன. சாவி இல்லாத பெட்டி அந்தச் செய்தியைப் படிக்க முடியாது. ஆகவே பொத்தானை அழுத்தும் வேலையைத் தவிர்க்காதீர்கள். அதுதான் நம் வீட்டுக் கதவுக்குப் பூட்டு.

உயிர் முக்கியம்

இந்தப் பெட்டி நேராக 230 வோல்ட்டில் இருக்கிறது. விளையாட்டுப் பொருள் அல்ல.

பெட்டியைத் திறக்காதீர்கள். ஈரக்கையால் தொடாதீர்கள். சுவர் ஓதம் ஏறிய இடத்தில் செருகாதீர்கள். பாயின்ட் ஆடினாலோ, தீப்பொறி வந்தாலோ, பெட்டி கைபொறுக்காத அளவு சுட்டாலோ உடனே அணையுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியின் பிளக் நம் ஊர் பாயின்டில் பொருந்தாமல் போகலாம். அதை வலிந்து செருகாதீர்கள்.

வீட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் கம்பியின் நிறம் பச்சை. பல பழைய வீடுகளில் மூன்று ஓட்டைப் பாயின்ட் இருக்கும். உள்ளே எர்த் கம்பி இருக்காது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். புதுக் கம்பி வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். பெங்களூரில் மின் விநியோகம் செய்வது பெஸ்காம். வெளிக் கம்பியில் கோளாறு என்றால் 1912 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

ஏமாறாதீர்கள்

“இந்தப் பெட்டியைச் செருகினால் போதும். கரண்டிலிருந்தே இலவசமாக இணையம் வரும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்டி இணையத்தை உண்டாக்காது. ஏற்கெனவே வீட்டுக்கு வந்த இணையத்தை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சுமந்துபோகும். அவ்வளவுதான். குழாய் தண்ணீரைச் சுரக்காது. வந்த தண்ணீரைக் கொண்டுபோகும்.

பணம் கொடுத்தால் பில் வாங்குங்கள். உத்தரவாதத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பொருள் கெட்டு, கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

நினைவில் வையுங்கள்

முதலில் குறை எங்கே என்று கண்டுபிடியுங்கள்.
செலவில்லாத வழியை முதலில் செய்து பாருங்கள்.
அடாப்டரைச் சுவரில் நேராகச் செருகுங்கள்.
இரண்டும் ஒரே மீட்டரில், ஒரே பேஸில் இருக்கட்டும்.
பொத்தானை அழுத்திப் பூட்டிவிடுங்கள்.
பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டுக்கு எத்தனை பேஸ் மின்சாரம் வருகிறது? எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

2. டி.வி.யில் படம் நின்றுவிடுகிறது. குறை வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? எப்படிச் சோதிப்பீர்கள்?

3. 5 வாட் பெட்டி இரண்டு. ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடுகிறது. 30 நாளில் எத்தனை யூனிட் ஆகும்? கணக்கிடுங்கள்.